மூடப்பட்ட ஊர்களின் கணக்கு

ஹிஜ்ரி 18ஐ ஒட்டிய காலம். சிரியாவை நோக்கிப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரழி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தியை ஸர்க் என்னுமிடத்தில் அறிந்து, தோழர்களுடன் ஆலோசித்து மதீனாவுக்குத் திரும்பினார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழைவதையும் அங்கிருந்து தப்பியோடுவதையும் தடுக்கும் நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்கள் எடுத்துரைத்தது அப்போதுதான். தொற்றுநோய் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்நிகழ்வை நாம் நினைவுகூர்கிறோம். அதே காலகட்டத்தில் ஹிஜாஸைப் பஞ்சம் வாட்டியபோது உமர் (ரழி) அவர்கள் வெளி மாகாணங்களிலிருந்து தானியம் தருவித்து மக்களுக்குப் பங்கிட்டதை ஏனோ அதனுடன் சேர்த்துச் சொல்வதில்லை.

ஊரை மூடியவர்கள் உணவை மறந்தால் என்ன நேரும் என்பதை மேற்கு ஆப்பிரிக்காவின் எபோலாக் காலம் காட்டியது. 2013 டிசம்பரில் கினியாவின் மெலியாண்டு கிராமத்தில் தொடங்கிய நோய், சியரா லியோன், லைபீரியா நாடுகளுக்கும் பரவியது. 2016க்குள் ஏறத்தாழ 28,600 பேரைப் பீடித்து, 11,300க்கும் அதிகமானோரின் உயிரைப் பறித்தது.

கினியாவிலும் சியரா லியோனிலும் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். மய்யித்தைக் குளிப்பாட்டும்போது நோய் தொற்றியது உண்மை. ஆயினும் தொடக்கத்தில் அடக்கக் குழுவினர் உடல்களைப் பையிலிட்டு, தொழுகையுமின்றி எடுத்துச் சென்றனர். விளைவு, மக்கள் நோயாளிகளை மறைத்தனர். இரகசியமாக அடக்கம் செய்தனர். 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் மார்க்க அறிஞர்களைக் கலந்து நெறிமுறையைத் திருத்தியது. குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் தயம்மும், கஃபன், ஜனாஸாத் தொழுகை ஆகியவற்றுக்கு அதில் இடமிருந்தது. இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப்பகுதி 2014 ஆகஸ்ட் 20 அன்று முன்னறிவிப்பின்றி அடைக்கப்பட்டது. அன்றாடம் உழைத்தால் மட்டுமே அடுப்பெரியும் மக்கள் அவர்கள். உணவு விலை ஏறியது, கொந்தளிப்பு மூண்டது, படையினர் சுட்டதில் ஒரு சிறுவன் மாண்டான். பத்து நாள்களில் அடைப்பு நீக்கப்பட்டது. சியரா லியோனில் 'லூமா' எனப்படும் வாரச்சந்தைகள் தடைசெய்யப்பட்டதால் சிறு விவசாயிகளும் சந்தைப் பெண்களும் வருவாய் இழந்தனர். இருபத்தொரு நாள் வீட்டுக்குள் இருக்கப் பணிக்கப்பட்டவர்களுக்கு உணவு தாமதமானபோது சிலர் வெளியேறினர். அதை மார்க்க மீறலாகவோ அறியாமையாகவோ காண நமக்கு மனமில்லை.

நோயைத் தடுக்க எதுவும் செய்திருக்கக் கூடாது என்பதன்று நம் வாதம். செய்ததன் விலையையும் கணக்கில் எழுத வேண்டும் என்கிறோம். கெனிமா மருத்துவமனையில் எபோலா சிகிச்சைக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் ஷேக் உமர் கான் 2014 ஜூலையில் அதே நோயால் மறைந்தார். மருத்துவ ஊழியர்கள் இறந்தும் அஞ்சியும் மருத்துவமனைகள் வெறிச்சோட, பிரசவமும் மலேரியாவும் கவனிப்பாரற்றுப் போயின. சிகிச்சை பாதியாகக் குறைந்திருந்தால் மலேரியா, எய்ட்ஸ், காசநோயால் மட்டும் மூன்று நாடுகளிலும் கூடுதலாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருப்பர் என ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எபோலாவே கொன்ற தொகைக்கு நெருங்கிய எண் இது. 2015இல் மட்டும் இந்நாடுகளின் பொருளாதார இழப்பை 220 கோடி டாலராக உலக வங்கி கணித்தது.

சியரா லியோனில் பள்ளிகள் 2015 ஏப்ரலில்தான் திறந்தன. இடைக்காலத்தில் கருவுற்ற சிறுமிகளுக்கோ அப்போதும் கதவு திறக்கவில்லை. அவர்கள் வழக்கமான வகுப்புகளுக்கு வரக் கூடாதென அரசு தடை விதித்தது. அத்தடை 2020 மார்ச்சில் நீங்கியது. அதே மாத இறுதியில், கொரோனாவுக்காக அந்நாட்டுப் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன.