உப்பளத்து ஊதாவும் உயிர்க்கலத்து ஒளியும்

கடல்நீரும் வெயிலும் கூடினால் உப்பு விளையும் என்பதைச் சாட்டிக் கடற்கரையில் வாழ்வோர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நீர் வற்றிச் செறியுந் தறுவாயில் உப்பளப் பாத்திகள் செந்நிறங் கொள்வதுண்டு. அது மண்ணின் நிறமன்று. பிற உயிர்கள் மடியும் கடும் உவர்நீரிலே பெருகும் நுண்ணுயிர்களின் நிறம். உயிர்க்கலத்தினுள்ளே ஓடும் செய்திகளை ஒளியினால் ஆளும் இக்காலக் கலையின் வேர்களுள் ஒன்று இச்செந்நீரிலேயே இருக்கின்றது.

1971இல் எஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கெனியஸ் என்னும் ஆய்வாளர் இருவர், அத்தகைய நுண்ணுயிர் ஒன்றின் ஊதாநிற மென்சவ்விலே, கண்ணின் ரொடொப்சினை ஒத்த புரதம் இருக்கக் கண்டனர். இரண்டிலும் ஒளியைப் பற்றுவது ரெற்றினல் என்னும் ஒரே பொருள். அது விற்றமின் ஏ-யின் வழிவந்தது. முருங்கைக்கீரை உண்ணாத பிள்ளைக்கு மாலைக்கண் வருமென்று தாய்மார் அஞ்சுவது வீண் அச்சமன்று.

இப்புரதத்தின்பால் மனஞ் சென்றவருள் ஒருவர் ஹர் கோவிந்த் கொரானா. இன்று பாகிஸ்தானிலுள்ள ராய்ப்பூர் என்னுஞ் சிற்றூரில் 1922இல் பிறந்தவர். தந்தையார் கிராமக் கணக்கர். ஏறத்தாழ நூறுபேர் வாழ்ந்த அவ்வூரில் எழுத்தறிந்த குடும்பம் அவர்களுடையது ஒன்றே. சிறுவனின் முதற் பள்ளிக்கூடம் ஒரு மரநிழல். 1968இல் மரபுக் குறியீட்டு ஆய்வுக்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார். வென்ற துறையிலேயே அமர்ந்து புகழை நுகர்தல் எளிது. அவரோ எழுபதுகளில் உப்புநீர்ப் புரதத்தை மாணவன்போலப் பயிலத் தொடங்கினார். 1979இல் அதன் 248 அமினோ அமிலங்களின் வரிசையை அவர் குழு வெளியிட்டது. பின்னர்க் கண்ணின் ரொடொப்சினுக்குத் திரும்பினார்.

ரொடொப்சின் மென்சவ்வை ஏழுமுறை ஊடுருவி நிற்பது. சவ்வினுள் அமைந்த பாகம் ஒளியை ஏற்கும். கலத்தின் உட்புறம் நீட்டிய வளையங்கள் செய்தியை உள்ளே உரைக்கும். அட்ரினலின் என்னும் சுரப்புநீரை ஏற்கும் புரதமும் இதே குலத்தது. 2005இல் கொரானாவும் தோழரும் ரொடொப்சினின் உள்வளையங்களை நீக்கி, அட்ரினலின் ஏற்பியின் வளையங்களைப் பொருத்தினர். கேட்குஞ் செவி ஒன்றினது, பேசும் நா மற்றொன்றினது. ஒளி பட்டது, அட்ரினலின் இன்றியே அட்ரினலினுக்குரிய செய்தி எழுந்தது! அப்போது அவருக்கு வயது 83.

அவ்வாண்டிலேயே ஸ்டான்போர்டில் பொய்டன், டைசெரொத் முதலியோர் குளத்துப் பாசியொன்றின் புரதத்தை நரம்புக்கலத்தில் வைத்து, ஒளியால் அதனைத் தூண்டினர். இத்துறையின் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குவர். அது பாதி வரலாறே. 2009இல் டைசெரொத் குழுவினர் உயிருள்ள எலியின் மூளையில் ஒளியால் கலச்செய்தியை எழுப்பியபோது கையாண்டது, கொரானா காட்டிய வளையமாற்றும் முறையையே.

பாசிப்புரத வழியும் பயன் தந்தது. விழித்திரை நோயால் பார்வையிழந்த 58 வயதினர் ஒருவரின் கண்ணில் அவ்வினப் புரதத்தின் மரபணு செலுத்தப்பட்டது. தனிவகைக் கண்ணாடி அணிந்து, மேசைமேலிருந்த குறிப்பேட்டை அவர் கண்டு தொட்டார் என்று 2021இல் சாஹெல், ரொஸ்கா குழுவினர் அறிவித்தனர். முகம் அறியும் பார்வை அவருக்கு வரவில்லை. கொரானா 2011இலேயே மறைந்துவிட்டார்.