மூன்றெழுத்தும் முத்துக்கரையும்

தூத்துக்குடியின் வரலாற்றை இணையத்தில் தேடப் புகுவோர் முதலில் இடறுவது மூன்று ஆங்கில எழுத்துகளில்தான்: வி, ஓ, சி. அவற்றைத் தேடுபொறியில் இட்டால் ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை வருவார். அவருடன் 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் வரும். அதன் டச்சுப் பெயரின் முதலெழுத்துகளும் அவையே. காற்றை மாசுபடுத்தும் கரிம ஆவிகளும் நடுவே புகுந்துகொள்ளும். மூன்றாவதை எளிதில் ஒதுக்கிவிடலாம். முதல் இரண்டைப் பிரிப்பதுதான் கடினம், ஏனெனில் இரண்டுமே தூத்துக்குடிக்கு உரியவை.

1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றியது அந்தக் கம்பெனி. முத்துக்குளிப்பையும் துணி வணிகத்தையும் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டது. சற்றேறக்குறைய இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1906இல், அதே துறையில் இன்னொரு வி.ஓ.சி. தோன்றி, வெள்ளையர் கப்பல் ஏகபோகத்துக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். ஏகபோகம் செலுத்திய நிறுவனத்துக்கும் ஏகபோகத்தை எதிர்த்துச் சிறை சென்றவருக்கும் ஒரே முதலெழுத்துகள் அமைந்தது வெறும் தற்செயல். ஆனால் இயந்திரத்துக்குத் தற்செயல் என்றால் என்னவென்று தெரியாது.

பலரும் உடனே கழித்தல் குறியை நாடுகிறார்கள். 2011இல் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டதிலிருந்து ஒப்பந்தப்புள்ளிகளும் சரக்குக் கணக்குகளும் முடிவுகளில் வந்து குவிகின்றன. அவற்றை விலக்க எண்ணி 'துறைமுகம்' என்ற சொல்லைக் கழித்தால், வ.உ.சி.யின் கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது என்று பேசும் நல்ல கட்டுரையும் சேர்ந்தே போய்விடும். கழிப்பதைவிடக் கூட்டுவதே மேல் என்பது என் அனுபவம். 'சுதேசி' என்ற சொல்லைச் சேர்த்தால் ஒரு வரலாறு கிடைக்கும். 'டச்சு' என்பதைச் சேர்த்தால் மற்றொன்று கிடைக்கும். சேர்க்கும் சொல் கட்டாயம் இருக்கவேண்டும் என்பதற்கு முன்பு கூட்டல் குறி இட்டுவந்தோம். 2011இல் கூகிள் அதைக் கைவிட்டது. இன்று அந்த வேலையை இரட்டை மேற்கோள் குறி செய்கிறது.

சுதேசிக் கம்பெனியின் கப்பல்களைத் தேடியவர்களுக்கு இன்னொரு வேடிக்கை தெரிந்திருக்கும். எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்பவை அவற்றின் பெயர்கள். 'காலியா' என்று மட்டும் தமிழில் இட்டால் வீடு காலியா, இடம் காலியா என்று கேட்கும் பக்கங்களும் வரிசை கட்டும். இரு கப்பல்களின் பெயரையும் சேர்த்து இட வேண்டும். அவ்விரண்டும் ஒரே பக்கத்தில் வேறு காரணத்துக்காக வருவது அரிது.

டச்சு ஆவணங்களுக்குள் போனால் சிக்கல் வேறு வகையானது. நெதர்லாந்தின் குளோபலைஸ் என்னும் திட்டம், அக்கம்பெனியின் கையெழுத்து ஆவணங்களில் சுமார் 50 லட்சம் பக்கங்களை இயந்திரத்தால் படிக்கவைத்துத் தேடத்தக்க எழுத்தாக்கியிருக்கிறது. அங்கே 'தூத்துக்குடி' இல்லை. இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலும் பெரும்பாலும் இல்லை. 'டுட்டுக்கொரெய்ன்' என்பது போலப் பல வடிவங்களில் எழுத்தர்கள் தம் காதில் விழுந்ததை எழுதினார்கள். மதுரையைத் தேடினால் சாவகத்தை அடுத்த மதுரா தீவு குறுக்கே நிற்கும். அதுவும் அதே கம்பெனியின் ஆதிக்கத்தில் இருந்த இடம். இத்தகைய நிலையில் கைகொடுப்பது அரிய சொல்தான். பரதவர் ஊர்த்தலைவர்களுக்குரிய 'பட்டங்கட்டி' என்ற தமிழ்ச் சொல் 'பட்டங்கட்டிம்' என்று போர்த்துக்கீசர் வாயில் உருமாறி ஐரோப்பிய ஏடுகளில் ஏறியது. உலகில் வேறெந்தக் கரையிலிருந்தும் அச்சொல் அவ்வளவு எளிதில் வந்து விழாது. அதைத் தேடுபவருக்கு வரிகளும் வழக்குகளும் மனுக்களும் கிடைக்கும். கம்பெனி முத்தைப் பற்றி எழுதியபோது, மூழ்கி எடுத்த மக்களைப் பற்றியும் எழுதவேண்டியிருந்தது. 'முத்து' என்று மட்டும் தேடியவர் நகைக்கடை விளம்பரங்களோடு திரும்பிவிடுகிறார். அம்மக்கள் அவர் கண்ணில் படுவதேயில்லை.

பழங்காலத்துக்குப் போனாலும் இதே கதைதான். செங்கடல் வழிநூலான பெரிப்ளூஸ், பாண்டியரின் முத்துக்குளிப்பு நடந்த இடத்தைக் 'கொல்கி' என்கிறது. தண்டனைக் கைதிகளே அங்கு மூழ்கினர் என்றும் சொல்கிறது. தாலமி 'கொல்கோய்' என்கிறார். கொற்கைதான் அது என்று கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் எழுதினார். ஆனால் கருங்கடற்கரையில் கொல்கிஸ் என்றொரு நாடு கிரேக்கக் கதைகளில் உண்டு. பாண்டியன் பெயரைச் சேர்க்காமல் தேடினால் கொற்கை முத்துக்குப் பதில் தங்க ஆட்டுத்தோல் கையில் வரும்.

தமிழில் தேடுவது எளிதென்று எண்ணவேண்டாம். ஒற்று விட்டு 'தூத்துகுடி' என எழுதியவர் ஏராளம். வேற்றுமை உருபு ஏறினால் சொல்லின் உருவமே மாறிவிடுகிறது. மேற்கோள் குறிக்குள் இட்ட 'முத்துக்குளிப்பு', 'முத்துக்குளித்தலை' இழந்துவிடும், 'சலாபத்தை'யும் இழந்துவிடும். யுனிகோடு பரவுமுன் திஸ்கி முதலிய குறியேற்றங்களில் எழுதி மாற்றாமல் விட்ட பக்கங்கள், இருந்தும் இல்லாதவையே.

எல்லாவற்றிலும் கொடியது 'பார்'. கடலடியில் முத்துச்சிப்பி படியும் பாறைத்திட்டுக்கு இக்கரையார் இட்ட பெயர் அது. இயந்திரத்துக்கோ அது கண்ணால் பார்ப்பது, அல்லது மதுக்கடை. முழுப்பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் 'தொலையிரம் பார்' என்று தேடவேண்டும். ஆங்கிலத்தில் என்றால் முதலெழுத்துக்குப் பின் 'எச்' இட்டு ஒரு முறை, இடாமல் ஒரு முறை. ஹார்னெல் 1905இல் சென்னை அரசுக்கு அளித்த முத்துக்குளிப்பு அறிக்கை அப்படித்தான் எனக்கு அகப்பட்டது. பார்களின் பெயர்களை வரிசையாக அதில் காணலாம். 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளே தூத்துக்குடியில் கடைசியானவை. சிப்பி போய்விட்ட பார்களின் பெயர்கள் இன்று மீனவர் பேச்சிலும் அறிக்கைகளிலும் இருக்கின்றன.