தட்டில் வந்த திரைப்படம்

திரைப்படத்தை விலைக்கு வாங்கி வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்பது நம் முன்னோர் கனவிலும் கருதாத செய்தி. அவர்களுக்குத் திரைப்படம் என்பது ஊர்க் கோடியில் இருந்த கொட்டகைக்குச் சென்று, சீட்டு வாங்கி, கண்டு, கலைந்து வருவது. கண்டதை நெஞ்சில் சுமந்து வரலாமேயன்றிக் கையில் எடுத்து வர இயலாது. அவ்வாறு எடுத்து வரக்கூடிய பொருளாகத் திரைப்படம் ஆனதும், ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பொருளே வழக்கொழியத் தொடங்கியதும் நம் காலத்திலேயே நிகழ்ந்தன. தமிழகத்தை விட்டு வெளியே வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இவ்வரலாற்றில் தனிப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

தட்டின் கதை திரைப்படத்தோடு தொடங்கவில்லை, நாடகத்தோடு தொடங்கியது. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் 'நாடக செட்' என்ற பெயரில் இசைத்தட்டுகள் தமிழில் விற்பனையாயின. அந்நாளைய தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மிகுதியாகவே அடங்கும். ஆகவே ஒரு நாடகத்துக்குப் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் பெட்டியாக வாங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து சென்று மாற்றி மாற்றி வைத்துக் குடும்பத்தார் கேட்டனர். பிற்காலத்தில் ஏவி.எம். நிறுவனத்தைக் கண்ட மெய்யப்பச் செட்டியார், படத் தொழிலுக்கு வருமுன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் இசைத்தட்டு வாணிகத்தில் ஈடுபட்டிருந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இன்னொன்றும் உண்டு. கிராமபோன் கம்பெனியார் 1908இல் கல்கத்தாவில் ஆலை தொடங்கினர். தமிழ்ப் பாட்டு வங்காளத்தில் அச்சாகித் தமிழ்நாட்டுக்குப் பயணம் செய்தது. இந்தச் செய்தியைச் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

அடுத்து நெடுநேரம் ஒலிக்கும் தட்டுகள் வந்தன. படத்தின் கதைவசனத்தைத் தட்டில் கேட்பது ஒரு பழக்கமாயிற்று. 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமியும் இறைவனும் உரையாடும் பகுதியைப் படத்தைக் காணாமலே மனப்பாடமாகச் சொல்லக்கூடிய முதியோர் இன்றும் உளர். கோயில் திருவிழாப் பந்தலிலும் திருமண வீட்டு ஒலிபெருக்கியிலும் கேட்டுக் கேட்டுக் கற்ற பாடம் அது. வானொலியும் தன் பங்குக்கு ஒரு படத்தைச் சுருக்கி, ஒலியை மட்டும் 'ஒலிச்சித்திரம்' என்று வழங்கியது. கண்ணுக்கு ஏதுமில்லை, ஆயினும் குடும்பம் முழுவதும் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தது.

படமும் வீட்டுக்கு வர வழி செய்தது வீடியோ கேசட். 1982இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்ற ஆண்டில் வண்ணத் தொலைக்காட்சி நம் நாட்டுக்கு வந்தது; அதனோடு ஒட்டி வீடியோவும் பரவியது. 'டெக்' என்று நாம் அழைத்த அக்கருவியை விலைக்கு வாங்கியோர் சிலரே. பெரும்பாலோர் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தனர். என் இளமையில் கும்பகோணத்தில் எங்கள் தெருவார் நான்கு வீட்டினர் பணம் சேர்த்து, டெக்கும் மூன்று கேசட்டும் கொணர்ந்து, விடியும்வரை கண்டதுண்டு. மூன்றாவது படம் ஓடும்போது விழித்திருந்தவர் டெக்கோடு வந்த பையன் ஒருவனே.

இங்கே சட்டமும் குறுக்கிட வேண்டியதாயிற்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டு, வீடியோப் படத்தின் மீது அதனை ஆக்கியவர், உரிமை உடையவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் தணிக்கைச் சான்றும் காணப்படவேண்டும் என்று விதிக்கப்பட்டது. பின்னர் 2004இல் தமிழக அரசு, வழக்கில் 'குண்டர் சட்டம்' எனப்படும் தன் 1982ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வீடியோத் திருடரையும் சேர்த்தது. நோய் அவ்வளவு முற்றியிருந்தது.

அதற்குள் கேசட்டின் இடத்தைத் தட்டு பிடித்துக்கொண்டது. விசிடி என்பதற்கான பொது அளவுமுறை 1993இல் வகுக்கப்பட்டது. பன்னிரண்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தட்டு. அதில் 74 நிமிடப் படம் அடங்கும். நம் தமிழ்ப் படமோ இரண்டரை மணி நேரம். ஆதலால் ஒரு படத்துக்கு இரண்டு தட்டுகள், சில வேளை மூன்று. இடைவேளை எங்கே வரவேண்டும் என்று இயக்குநர் எண்ணி வைத்திருப்பார். வீட்டில் அதைத் தட்டே முடிவு செய்தது. கதாநாயகி கதவைத் திறக்கக் கை வைப்பாள், படம் நின்றுவிடும், என் மாமியார் எழுந்து சென்று பாலுக்கு உறை ஊற்றிவிட்டு வருவார். 1996இல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்த டிவிடி இக்குறையைத் தீர்த்தது. அளவில் அதே தட்டு. கொள்ளளவு ஆறு ஏழு மடங்கு. படமும் தெளிவாயிற்று, மொழிபெயர்ப்பு வரிகளைத் தேவையானபோது காட்டவும் வேண்டாதபோது மறைக்கவும் முடிந்தது.

ஆயினும் விலை? முதற்காலத்தில் அசல் டிவிடி ஒன்று சில நூறு ரூபாய். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர் அதைத் தொட்டுப் பார்த்துத் திரும்ப வைத்துவிடுவர். எனவே நடைபாதையில் விற்ற திருட்டுத் தட்டு செழித்தது. நானும் ஒரு முறை அந்தப் பிழையைச் செய்தேன். தில்லியில் ஒரு கடைத்தெருவில் நாற்பது ரூபாய்க்கு ஒரு குடும்பப் படம் வாங்கினேன். கொட்டகையில் ஒளித்து வைத்த கருவியால் பிடித்தது. முன்வரிசையில் இருந்தவரின் தலை படம் முழுவதும் ஒரு பாத்திரம்போல் அசைந்துகொண்டிருந்தது. அதையாவது பொறுக்கலாம். கடைசி இருபது நிமிடம் தட்டிலேயே இல்லை. "ஏம்மா, கடைசியிலே அவங்க சேர்ந்தாங்களா இல்லையா?" என்று மாமியார் கேட்டார். எனக்கும் தெரியாது. பல மாதங்களுக்குப் பின் தஞ்சாவூரிலிருந்து வந்த உறவினர் சொல்லித்தான் அறிந்தோம்.

2007ஆம் ஆண்டு இந்நிலையை மாற்றியது. மோசர் பேயர் என்னும் நிறுவனம் 1983இல் தில்லியில் தோன்றியது. முதலில் கணிப்பொறிக்கான மென்தட்டுகளையும், பின்னர் எழுதும் குறுந்தட்டுகளையும் செய்து, உலகின் பெரிய தட்டு உற்பத்தியாளர்களுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. அது ஆயிரக்கணக்கான பழைய, புதிய படங்களின் வீட்டுக் காட்சி உரிமையை மொத்தமாக வாங்கி, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலை வைத்தது. கணக்கு எளியது. திருடன் விற்கும் விலைக்கே அசலைக் கொடுத்தால் திருட்டை யார் வாங்குவர்? தட்டைத் தன் ஆலையிலேயே செய்யும் வல்லமை இருந்ததால் இது அந்நிறுவனத்துக்குக் கைகூடியது. கல்கத்தாவைப் பற்றி மேலே கூறியதை இங்கே நினைவுகூரலாம். அந்நிறுவனத்தின் ஆலைகள் நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் இருந்தன. தமிழ்ப் பாட்டுக்கு அன்று ஹூக்ளிக் கரை இருந்ததுபோல, இன்று தமிழ்ப் படத்துக்கு யமுனைக்கு அக்கரை இடமளித்தது. ராமகிருஷ்ணபுரத்தில் இருந்துகொண்டு, தமிழ்ப் படம் தெற்கிலிருந்து வரவேண்டும் என்று காத்திருந்த எனக்கு இதை அறிந்தபோது வியப்பாகவே இருந்தது.

நான் வரவு செலவு எழுதி வைக்கும் பழக்கமுடையவள். எட்டு ஆண்டுகளில் எங்கள் வீட்டில் இந்தக் குறைந்த விலையில் வாங்கிய டிவிடி 82, விசிடி 61. முன்னதற்கு 2,788 ரூபாய், பின்னதற்கு 1,708 ரூபாய், ஆக 4,496 ரூபாய். அதே காலத்தில் நால்வர் பல்திரை அரங்குக்கு ஒரு முறை சென்று வர, வண்டிக் கூலியும் சோளப்பொரியும் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குக் குறையவில்லை. ஆறு முறை அரங்குக்குச் சென்ற செலவில் 143 படங்கள். இப்படிச் சொன்னால் இலாபம் மிகப் பெரிது போலத் தோன்றும். உண்மையை ஒளிக்கக் கூடாது: அவற்றுள் முப்பதுக்குக் குறையாதவை உறை பிரிக்கப்படாமலே கிடந்தன. மலிவு என்பதனாலேயே வாங்கிய பொருள் எப்போதும் மலிவன்று. இன்னும் சிலவற்றில் தேய்ந்த படச்சுருளிலிருந்து எடுத்த காரணத்தால் பாட்டுகள் துண்டுபட்டிருந்தன. மூன்று படங்களை ஒரே தட்டில் திணித்து வேறு சிலர் விற்ற தட்டுகளில் முகமும் சுவரும் ஒரே நிறமாகக் கலங்கித் தெரிந்தன.

எனினும் மிகுதியாக உழைத்தவையும் உண்டு. 'பாசமலர்', 'பார்த்தால் பசி தீரும்', 'சர்வர் சுந்தரம்', 'தில்லானா மோகனாம்பாள்', 'சம்சாரம் அது மின்சாரம்' ஆகியவை இருபது முறைக்குக் குறையாமல் ஓடியிருக்கும். என் மகள் பிறந்ததும் வளர்ந்ததும் தில்லியில். விளையாடுவது இந்தியில், படிப்பது ஆங்கிலத்தில். தமிழ் அவளுக்குச் சமையலறை மொழி. அவள் முதலில் இப்படங்களை ஆங்கில வரிகளைப் படித்தே கண்டாள். மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. ஆதலால் அவ்வரிகளைக் கவனியாதிருக்க என்னால் முடியவில்லை. அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லோரும் அங்கே 'ஆன்ட்டி' ஆகிவிட்டனர். மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் 'அங்கிள்'. தங்கை கணவனும் மனைவியின் தமையனும் ஒரே சொல்லில் அடங்கினர். மொழிபெயர்த்தவரைக் குறை கூறவில்லை. ஆங்கிலத்தில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவே. ஆனால் 'பாசமலர்' போன்ற ஒரு படத்தில், யார் யாருக்கு என்ன முறை என்பது போய்விட்டால் எஞ்சுவது என்ன?

ஒரு நாள் என் மாமியார் தொலைவியக்கியை எடுத்து அவ்வரிகளை மறைத்துவிட்டார். மகள் அழுதாள். "காதாலே கேளு கண்ணு, புரியாட்டி என்னைக் கேளு" என்றார். அன்று முதல் படம் அடிக்கடி நின்றது. "பாட்டி, கொழுந்தனார்னா யாரு?" என்ற கேள்விக்கு விடை சொல்ல, எங்கள் குடும்பத்திலேயே ஓர் எடுத்துக்காட்டைத் தேடிப் பிடித்து, அவர் பெயரையும் ஊரையும் குணத்தையும் சொல்லி, பிறகே மாமியார் படத்தை ஓடவிடுவார். இரண்டரை மணி நேரப் படம் ஒரு ஞாயிறு முழுவதும் நடந்தது. கொட்டகையில் இது இயலாது. ஓடிக்கொண்டே இருக்கும் தொலைக்காட்சியிலும் அக்காலத்தில் இயலாது. நிறுத்தவும் திரும்பக் கேட்கவும் விட்டுக்கொடுத்தது தட்டு.

தட்டுக்கு மற்றொரு மதிப்பும் உண்டு. நடராஜ முதலியார் 1910களில் எடுத்த 'கீசக வதம்' இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. 1937இல் கூட்டம் கூட்டமாக மக்கள் கண்ட 'சிந்தாமணி'யும் இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்தது 1964இல்தான். அதற்குள் எத்தனையோ சுருள்கள் எரிந்தும் உளுத்தும் வெள்ளிக்காக உருக்கப்பட்டும் மறைந்தன. ஒரு படத்துக்கு ஐம்பது பிரதி இருப்பதற்கும், ஐம்பதாயிரம் வீடுகளில் ஒவ்வொரு தட்டு இருப்பதற்கும் வேற்றுமை உண்டன்றோ? தரம் குறைந்த தட்டு மூலச்சுருளுக்கு ஈடாகாது என்பது மெய்யே. 1964ஆம் ஆண்டுக் 'கர்ணன்' 2012இல் செப்பனிட்டு மீண்டும் திரையிடப்பட்டபோது, வீட்டில் தட்டு வைத்திருந்தோரும் சீட்டு வாங்கிக் கொட்டகைக்குச் சென்றனர். ஆனால் ஒன்றுமே இல்லாத 'காளிதா'ஸை எதைக் கொண்டு செப்பனிடுவது?

மலிவு விலை வாணிகம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. கைக்கு அடக்கமான நினைவுக் குச்சியும், பின்னர் இணைய வழிப் படக்காட்சியும் தட்டின் தேவையைக் குறைத்தன. கடன் சுமை மிகுந்த மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018 செப்டம்பரில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. இப்போது சந்தா கட்டினால் எண்ணற்ற படங்கள் கிடைக்கின்றன. ஆனால் அவை நம்முடையவை அல்ல; உரிமை ஒப்பந்தம் முடிந்தால் நேற்று இருந்த படம் இன்று காணப்படாது. சந்தாத் தொகையை ஆண்டுக் கணக்கில் கூட்டிப் பார்த்தேன். எட்டு ஆண்டுத் தட்டுச் செலவை அது மூன்றே ஆண்டில் எட்டிவிட்டது.

எங்கள் மாமியாருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. தட்டுறைகளின் முதுகுப் பக்கத்தில் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தது. ஆதலால் நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்புறத்தில் படப் பெயரைத் தமிழில் எழுதி, சோற்றுப் பசை தடவி ஒவ்வோர் உறையிலும் ஒட்டி வைத்தார். என் மகள் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்தத் தாள்களைப் பார்த்துத்தான். 'ழ'கரத்தை 'குழந்தையும் தெய்வமும்' என்ற தாளில் கற்றாள். 2019இல் மாமியார் மறைந்தார். சென்ற ஆண்டு வேறு குடியிருப்புக்கு மாறியபோது, ஓடாத கருவியைப் பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுத்தோம். தட்டுகளையும் கொடுத்துவிடலாம் என்றார் என் கணவர். கிலோவுக்கு இவ்வளவு என்று அவன் விலையும் சொல்லிவிட்டான். கல்லூரியில் படிக்கும் மகள் பெட்டியைத் தன் அறைக்குள் இழுத்துச் சென்றாள். லஜ்பத் ராய் சந்தையில் பழைய டிவிடி கருவி ஒன்றை அறுநூறு ரூபாய்க்கு அவளே வாங்கி வந்திருக்கிறாள். அதை என் கணக்கில் எழுதவில்லை.