கொல்லிப்பாவை

சங்க அகப்பாடல்கள் கொல்லிமலையின் குடவரையில், அதாவது மேற்குச் சரிவில், இருப்பதாகப் பேசும் பேரழகுப் பெண்ணுருவம். இம்மலை இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றிலும் பாவை வருகிறாள். குறுந்தொகை 89இல் பரணர் அவளைத் தெய்வம் தீட்டியதாகச் சொல்கிறார். நற்றிணை 192 பூதம் அமைத்ததாகச் சொல்கிறது. ஆகவே ஓவியமா சிற்பமா என்று இப்பாடல்களைக் கொண்டு அறுதியிட முடியாது. தலைவியின் அழகுக்கு உவமையாகவே அவள் பெரிதும் வருகிறாள்.

பாவையை வெளிச்சத்தில் நிறுத்திக் காட்டுவது நற்றிணை 192. புலி இளங்களிற்றை எதிர்நோக்கியிருக்கும் காடு, கரடிகள் இரை தேடும் மலைவழி. இவ்வழியே ஏன் வருகிறாய் என்று தலைவி அழுகிறாள். இளவெயிலில் தோன்றும் பாவை போன்ற உன் அழகை நினைத்து வந்தால் அவ்வழியே எனக்குக் காவல் என்கிறான் தலைவன். இது குறிஞ்சிப் பாடல்; குறிஞ்சித்திணைக்குத் தொல்காப்பியம் வகுத்த பொழுது யாமம், அதாவது நள்ளிரவு. அந்த இருட்டுக்குள் உவமை வழியாக மட்டும் வெயில் நுழைகிறது. பாவையின் உடலையோ அணிகளையோ பாடல் வருணிப்பதில்லை. அவள்மேல் விழும் கதிரைச் சொன்னதே போதுமாகிவிட்டது. மேற்கு நோக்கிய சரிவில் காலை வெயில் நேரே படாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் புலவருக்கு வேண்டியது திசைக்கணக்கு அன்று. அச்சம் தெளியும் வேளை.

நற்றிணை 185இல் நிலை வேறு. நெடிய வரையில் காந்தள் பூத்திருக்கிறது, தேனடை தொங்குகிறது. அங்கே தெய்வம் எழுதிய பாவையைப் போன்றவள் தன்னைக் கொல்லத் துணிந்துவிட்டாள் என்று காதலன் புலம்புகிறான். கைக்கெட்டாத அந்தத் தேன் அவளேதான் என்று கொள்ளத் தோன்றுகிறது. நற்றிணை 201இல் பரணர், காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் தாக்கினாலும் வடிவம் குலையாத பாவையைக் காட்டி, நெஞ்சைவிட்டு நீங்காதவளைச் சொல்கிறார்.

சிரித்து மயக்கிக் கொல்பவள் என்ற கதை பிற்காலத்தில் பரவியது. 185ஆம் பாடலில் கொலை என்பது காதல் நோயின் பேச்சு மட்டுமே. கதையில் அது உண்மைக் கொலையாகிவிட்டது. இன்று மலைமக்கள் வழிபடும் எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவையாகவே கருதும் வழக்கம் உள்ளது.