வேட்டுவர் அம்பும் அதன் அலகும்

கண்ணப்ப நாயனார் தம் கண்ணை அம்பினால் இடந்து அப்பினார் என்பதைச் சைவ நன்மக்கள் யாவரும் அறிவர். அவ்வம்பு எத்தன்மைத்து என்று வினவுவார் அரியர். சேக்கிழார் பெருமான் அதன் வடிவினை விளங்கக் கூறிற்றிலர். எனினும் வேட்டுவர் எவ்விலங்கிற்கு எவ்வலகினைத் தெரிந்துகொள்வர் என்னும் வரலாற்றினை ஆராய்வார்க்கு அதனை ஒருவாறு உய்த்துணர்தல் கூடும். அவ்வாராய்ச்சிக்குத் தக்க நிலம் தொண்டை நாட்டின் வடகோடியே. திருக்காளத்திக்குத் தெற்கே கிடக்கும் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகள் மிகப் பழைய மக்கள் வேட்டையாடி உயிர்வாழ்ந்த இடங்களாகும்.

கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என ஓர் ஊர் உளது. நிலநூல் அறிஞர் இராபர்ட் புரூசு பூட்டு என்பார் 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே அவரும் வில்லியம் கிங்கு என்பாரும் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகள் மிகுதியாகக் கிடப்பதைக் கண்டனர். பின்னர்ச் சாந்தி பப்பு அம்மையாரும் அவர்தம் குழுவினரும் அங்கே முறைப்பட அகழ்ந்தனர். ஆண்டுள்ள மிகப் பழைய கருவிகள் பத்து இலக்கம் ஆண்டுகட்கும் முற்பட்டன என்று 2011-இலும், இடைப் பழங்கற்காலக் கருவிகள் ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகட்கு முன்னரே தோன்றின என்று 2018-இலும் அவர்கள் வெளியிட்டனர். அக்கருவிகளிற் சிலவற்றைப் பூண்டியிலுள்ள அருங்காட்சியகத்திற் காணலாம்.

அவற்றைக் காண்பார் சிலர், 'இவை கற்கால மக்களின் அம்புமுனைகள்' என்று கூறிவிடுகின்றனர். அது பொருந்தாது. ஆண்டுப் பெரும்பான்மையாய்க் கிடைக்கும் கைக்கோடரிகள் கையாற் பற்றி வெட்டுதற்கும் பிளத்தற்கும் ஏற்பப் பருத்தவை. நிறையால் நூற்றுக்கணக்கான கிராம் அளவின. வேட்டைக்கென இக்காலத்தார் செய்யும் எஃகு அலகோ பெரும்பாலும் நூறு கிரெயின், அஃதாவது ஆறரை கிராம் அளவினது. கைக்கோடரியைக் கோலின் நுனியிற் கட்டி எய்ய முயன்றால் அது நாணை விட்டு நீங்கிய அளவிலே தலைகுப்புற வீழும். காலத்தாற் பிற்பட்ட சிறு கூர்முனைகள் ஈட்டியிற் பொருத்தற்கு ஆவன. வில் அக்காலத்து இருந்தது என்றற்குச் சான்று இல்லை. ஊர்ப்பெயரில் 'அத்திரம்' என்னும் சொல் இருத்தலைக் காட்டி வாதிப்பதும் ஒலியொப்புமை ஒன்றையே பற்றிய வாதமாம்.

வில்லுக்குச் சான்று நமக்கு அணித்தாகவே வேறோரிடத்து உண்டு. இலங்கையின் களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில் எலும்பாற் செய்த சிறு முனைகள் கிடைத்தன. அவை ஏறக்குறைய 48,000 ஆண்டுகட்கு முற்பட்டன என்றும், அவற்றின் நுனி சிதைந்த முறையை நோக்கின் வில்லால் எய்யப்பட்டன என்றும் ஆராய்ச்சியாளர் 2020-இல் எழுதினர். அம்மக்கள் மழைக்காட்டுக் குரங்கும் அணிலும் வேட்டையாடியோர். மரக்கொம்பில் விரைந்து தாவும் சிற்றுயிரை வீழ்த்துதற்கு நுண்ணிய எலும்புமுனையே சாலும்.

இரும்பு வந்தபின் அலகுகள் பல வடிவு பெற்றன. அலெக்சாந்தர் இரீ என்பார் 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த இரும்புப் பொருள்களில் வாளும் வேலும் அம்புமுனையும் உள. செங்கம் பகுதி நடுகற்களில் ஆநிரை மீட்டுப் பட்ட வீரரின் உடலில் அம்புகள் தைத்து நிற்றலைக் காணலாம். இவை போர் அம்புகள். நாம் ஆராய்வது வேட்டை அம்பு.

இவ்வேறுபாட்டினைத் தெளிவாக உணர்த்துவது மைசூரில் 1909-ஆம் ஆண்டு சாம சாத்திரியார் பதிப்பித்து வெளியிட்ட கௌடலீயம். அந்நூல் வில்லினைப் பனை, மூங்கில், மரம், கொம்பு என்னும் பொருள்பற்றி வகுக்கின்றது. நாணுக்கு எருக்கு, சணல், நரம்பு முதலியவற்றைக் கூறுகின்றது. அம்பின் முகத்தையோ தொழில்பற்றி அறுப்பது, துளைப்பது, தாக்குவது என மூன்றாக்கி, இரும்பு, எலும்பு, மரம் ஆகியவற்றாற் செய்க என்கின்றது. பிற்கால மேனாட்டு வில்லாளர் பன்னூல் எழுதியும் இம்மூன்றனைக் கடந்து சென்றிலர்.

மூன்றனுள் துளைப்பது ஊசி போன்று ஒடுங்கியது. கவசத்தை ஊடுருவுதற்கு உரியது. அதனை மானின்மேல் எய்தால் புண்வாய் சிறுத்துத் தசை மீளக் கூடிக்கொள்ளும், குருதி புறம் போதாது, விலங்கு நெடுந்தொலை ஓடிப் பல நாள் நோயுற்று மடியும், வேடனுக்கும் பயன்படாது. தாக்குவது மொட்டம்பு, இறகும் தோலும் சிதையாமற் புள்ளையும் முயலையும் வீழ்த்துதற்கு ஆவது. அறுப்பதே அகன்ற இலைபோலும் அலகு. அஃது உயிரைப் போக்குவது தாக்கின் வன்மையால் அன்று. நெஞ்சகத்துக் குருதிக் குழல்களை அறுத்தலான். ஆகலின் அதற்குக் கூர்மையே உயிர். மழுங்கிய அகன்ற அலகு குழல்களை அறாது ஒதுக்கித் தள்ளிச் செல்லும். அதனால் எய்தல் எய்யாமையினும் தீது.

அகலம் மிகுந்தோறும் புண் பெரிதாம் என்பது மெய்யே. ஆயின் அகன்ற அலகு காற்றைச் சிறகுபோற் பற்றிக் கோலைக் குறியினின்றும் விலக்கும். என்பிற் பட்டுழி ஊடுருவவும் மாட்டாது. மென்மையான வில்லுடையான் ஈரலகு உடைய ஒடுங்கிய இலைமுகத்தைக் கொள்ளுதலும், வலிய வில்லுடையான் மூன்று நான்கு அலகு கொள்ளுதலும் இதுபற்றியே. அமெரிக்க நாட்டின் மாநிலங்கள் பல, மானை எய்யும் அலகு 7/8 அங்குலத்திற் குறைதல் கூடாதென விதித்துள்ளன. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிற்பொறிகளுள் வளைவிற்பொறி என ஒன்று கூறப்படுகின்றது. அது தானே வளைந்து எய்யும் எந்திரவில் என்ப. கையால் ஏந்தும் குறுக்குவில் அதனின் வேறாயினும் எந்திரத்தால் எய்தல் என்னும் அளவில் ஒக்கும். குறுக்குவில்லின் கோல் குறியது, விரைவு மிக்கது; விரைவு மிகுதியால் அகன்ற அலகு வழிவிலகலும் மிகும். அதனால் அவ்வில்லார் ஒடுங்கிய அலகினையோ, பறக்குங்கால் மடங்கித் தைக்குங்கால் விரியும் அலகினையோ விரும்புகின்றனர். மடங்குவது விரியாதொழியின் என்னாம்? எளிய பொறியே காட்டிற்கு ஏற்றது என்பது எம் துணிபு.

நம் நாட்டில் இவ்வாராய்ச்சி வரலாற்றளவில் நிற்பதாகுக. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வில்லையும் அம்பையும் படைக்கலம் என எண்ணி வேட்டையை விலக்கியுள்ளது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலே பழைய இரும்பு உருகிக் கட்டடக் கம்பியாகின்றது. அலகு அடிக்கும் உலைக்களம் தேவையில்லாததாயிற்று.

இனி, நாயனாரிடத்துச் செல்வாம். உடுப்பூரிலே வில்வித்தை முறையாகப் பயின்ற திண்ணனார், தாம் துரத்திச் சென்ற பன்றியை அம்பால் எய்தாரல்லர். அணுகிச் சுரிகையாற் குத்தி இரு துண்டாக்கினார் என்பர் சேக்கிழார். நெருங்கிய இடத்து அம்பு வேண்டா என்பது வேட்டுவ நெறி. இறைவன் திருக்கண்ணிற் குருதி பெருகக் கண்டபோது, தீங்கு செய்தாரைத் தேடுதற்கு அம்பு தொடுத்தார். எவரையும் காணாது பச்சிலை தேடிப் பிழிந்து பார்த்தார். ஈற்றில் அம்பினாலேயே தம் கண்ணை அகழ்ந்தார். அவ்வம்பு துளைக்கும் ஊசிமுகத்ததாயின் கண்மணி உடைந்து பயன்படாது போம். மொட்டம்பாயின் அகழ ஒண்ணாது. பின்னோக்கிய முள் உடையதாயின் வாங்குங்கால் யாவும் சிதையும். எனவே அது முள்ளின்றி இலைபோல் அகன்று விளிம்பு கூர்த்த அலகே ஆதல் வேண்டும். அஃதே மானுக்கும் பன்றிக்கும் வேடர் தூணியில் வைப்பது. அவரைக் கல்லாத வேடர் என்று சொல்லி அமைவார், அவர் கையின் கல்வியை மறந்துவிடுகின்றனர்.

மற்றைக் கண்ணிலும் குருதி தோன்றியபோது அவர் செய்ததும் வில்லாளன் செயலே. கண் இரண்டும் இழந்தபின் குறி தோன்றாது என்பதை முன்னரே கருதி, இடத் திருவடியை இறைவன் கண்ணருகே ஊன்றிக் குறி வைத்துக்கொண்டு, பின்னரே தம் மற்றைக் கண்ணில் அம்பினை ஊன்றினார். காளத்தியப்பர் திருக்கை வெளிப்பட்டுத் தடுத்தது அப்பொழுதாம்.