எஞ்சின் எண்ணில் யார் இருக்கிறார்கள்?

விமான எஞ்சினின் எண் அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அமெரிக்காவில் பிஸ்டன் எஞ்சின்கள் கோலோச்சிய காலத்தில் அது உண்மைதான். டகோட்டா விமானத்தில் பறந்த பிராட் அண்ட் விட்னியின் ஆர்-1830ஐயே எடுத்துக்கொள்வோம். 'ஆர்' என்றால் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் வகை. சிலிண்டர்கள் 14, ஒவ்வொன்றின் உள்விட்டமும் ஐந்தரை அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரமும் ஐந்தரை அங்குலம். கணக்குப் போட்டால் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 1,830 கன அங்குலம். எண்ணைப் படித்தாலே எஞ்சினின் உடம்பு தெரிந்துவிடும். ஜெட் வந்ததும் அளப்பதற்குச் சிலிண்டரே இல்லாமல் போயிற்று. உந்துவிசையை எண்ணாக்கியிருக்கலாம், ராணுவம் அதைச் செய்யவில்லை. கடற்படையின் வெஸ்டிங்ஹவுஸ் எஞ்சினுக்கு ஜே30 என்றும், தரைப்படை விமானப் பிரிவின் ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சினுக்கு ஜே31 என்றும் பெயர் வைத்தார்கள். இரட்டைப்படை கடற்படைக்கு, ஒற்றைப்படை மற்றவருக்கு. எஞ்சின் எப்படிப்பட்டது என்பதை விட்டுவிட்டு, யார் வாங்கினார்கள் என்பதை எண் சொல்லத் தொடங்கியது இங்கேதான்.

கோப்புகளைப் பிரித்து வைக்கும் வசதிக்காகச் செய்தது, இதில் வேறென்ன இருக்கிறது என்று கேட்கலாம். கோப்புக்கு மட்டும் என்றால் ஒரே வரிசை போதுமே. பிற்காலத்தில் வரிசை பொதுவான பிறகும் பழக்கம் போகவில்லை: எஃப்110 எஞ்சின் விமானப்படையின் எஃப்-16இல் 100 என்றும், கடற்படையின் எஃப்-14இல் 400 என்றும் வால் எண் பெற்றது. பயணிகள் விமானங்களில் உந்துவிசை எண்ணுக்குள் வந்துவிட்டதே என்பது இன்னும் வலுவான மறுப்பு. பிடபிள்யூ4056இன் கடைசி இரண்டு இலக்கங்கள் 56,000 பவுண்டு விசையைக் குறிக்கின்றன, உண்மை. ஆனால் அதே விசையுள்ள எஞ்சின் ஏர்பஸ்ஸுக்குப் போனால் பிடபிள்யூ4156. போயிங்குக்கு பூஜ்யம், ஏர்பஸ்ஸுக்கு ஒன்று. அங்கேயும் வாங்குபவர் தமக்கென்று ஓர் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

நமது தேஜஸ் போர் விமானத்தின் எஞ்சின் பெயர் எஃப்404-ஜிஇ-ஐஎன்20. அந்த 'ஐஎன்' இந்தியா. அதாவது நாம் வாடிக்கையாளர். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தானே உருவாக்கிவரும் எஞ்சினுக்கோ எச்டிஎஃப்இ-25 என்று பெயர். அதில் வாங்குபவர் யாருமில்லை. 25 என்பது அதன் உந்துவிசை, 25 கிலோநியூட்டன்.