'போ' என்றால் மரியாதை!

தகாலோக் கற்றுக்கொள்ள ஆசையா? முதல் வார்த்தை, 'குமுஸ்தா'. 'எப்படி இருக்கீங்க?' என்று அர்த்தம். ஸ்பானிஷ்காரர்களின் 'கோமோ எஸ்தா'தான் பிலிப்பைன்ஸ் மக்களின் வாயில் விழுந்து இப்படி ஆகிவிட்டது.

1565-ல் லெகாஸ்பி வந்து இறங்கியதில் ஆரம்பித்து 1898 வரை, 333 வருஷம் அங்கே ஸ்பெயின் ஆட்சி. அத்தனை வருஷம் ஆண்டும் ஸ்பானிஷ் ஏன் மக்கள் மொழியாகவில்லை? முக்கியக் காரணம், பாதிரியார்கள். ஊர் முழுக்க ஸ்பானிஷ் சொல்லித் தருவதைவிட, தாங்களே உள்ளூர் மொழியைக் கற்று மதம் பரப்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. 1593-ல் மணிலாவில் அச்சான 'டாக்ட்ரினா கிறிஸ்டியானா'விலேயே ஸ்பானிஷோடு தகாலோக்கும் உண்டு. ஆக, ஸ்பெயின் போனது, தகாலோக் நின்றது. 1937-ல் தேசிய மொழிக்கு அடிப்படையாகவும் ஆனது.

இன்னும் சில வார்த்தைகள். 'மேசா' என்றால் மேஜை. இது ஸ்பெயின் உபயம். நம் மேசை போர்ச்சுக்கீசிய உபயம். 'குரோ' என்றால் ஆசிரியர், 'முக்ஹா' என்றால் முகம். இரண்டும் ஸ்பெயின்காரர்கள் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்த சமஸ்கிருதச் சரக்கு.

கடைசியாக ஒன்று. யாராவது 'சலாமாத் போ' என்றால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். 'சலாமாத்' என்றால் நன்றி. 'போ' என்பது பெரியவர்களுக்குத் தரும் மரியாதை, நம்ம 'ங்க' மாதிரி. 'நன்றிங்க', அவ்வளவுதான்! நலம் விசாரிக்க வார்த்தையை இரவல் வாங்கியவர்களுக்கு, மரியாதை சொந்தச் சரக்கு.